இசட்டை எக்ஸ் தாண்டிய மத்தியானம்

போன ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் எங்கள் மேல்வீட்டுப் பிங்கி கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். அவள் பெற்றோர் தஞ்சாவூர்ப் பக்கம்தான். ஆனால் கல்கத்தாவில் பிறந்த அவள் வாயில் தமிழும் வங்காளமும் ஒரே தட்டில் பிசைந்த சாதம் மாதிரி வரும்.

“காக்கு, நீங்க மேத்ஸ் ஆபீஸ்லதானே காஜ் பண்ணீங்க? ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர், இதைக் கொஞ்சம் விரிச்சுக் குடுங்க.”

காக்கு என்றால் சித்தப்பா, காஜ் என்றால் வேலை. நான் விரித்துக் கொடுத்தேன். ஏ ஸ்கொயர், அப்புறம் ஏ பி, அப்புறம் பி ஏ, கடைசியில் பி ஸ்கொயர்.

“டூ ஏ பி எங்க காக்கு?”

“ஏ பி வேற, பி ஏ வேறம்மா. கேக்காம ரெண்டையும் ஒண்ணாச் சேர்க்கலாமா?”

“தூர்! இப்படிப் போட்டா மிஸ் முட்டை போடுவாங்க!” என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பெரியவர்கள் தங்கள் வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பிங்கிக்குப் பதில் சொன்ன மாதிரியும் ஆகட்டும் என்று உட்கார்ந்தேன். பிள்ளைகளே, நான் பள்ளிப் படிப்போடு நின்றவன். கணக்கு எனக்குத் தெரியாது. கணக்குப் போடுகிறவர்களின் காகிதங்களைத் தட்டச்சு செய்ததுதான் என் உத்தியோகம். தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பிங்கியின் சந்தேகம். அப்பளத்தைப் பொரித்துவிட்டு ரசத்தில் நனைத்தால் சாப்பிடலாம். ரசத்தில் நனைத்துவிட்டுக் காயும் எண்ணெயில் போட்டால் தெறிக்கும், முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டிலும் செய்த காரியங்கள் அவையேதான், வரிசைதான் வேறு. மூன்றையும் ஐந்தையும் எப்படிப் பெருக்கினாலும் பதினைந்துதான். ஆனால் வரிசை மாறினால் விடையும் மாறுகிற எழுத்துகள் உண்டு. நான் வேலை பார்த்த இடத்தில் சிலர் வாழ்நாள் முழுக்க அவற்றோடுதான் இருந்தார்கள்.

“எப்பப் போட்டாலும் ஒண்ணுதான்னு சமையல்ல ஏதாவது இருக்கா? உப்பு?” என்று என் மனைவியைக் கேட்டேன்.

“பருப்புல முதல்லயே உப்பைப் போட்டுப் பாருங்க, வேகுதான்னு” என்றாள். ஆக, உப்பும் இல்லை. அப்படி ஒன்று கிடைப்பது அவ்வளவு லேசில்லை.

நான் முதலில் அலிப்பூர் கோர்ட்டுக்கு வெளியே, தகரக் கொட்டகையில் மனுத் தட்டிக்கொண்டிருந்தேன். கட்சிக்காரர் முன்னும் பின்னுமாகச் சொல்வதை நாம்தான் ஒழுங்குபடுத்த வேண்டும். அதில் எனக்கு நல்ல பெயர். பிறகு தெற்குக் கல்கத்தாவில் கணித ஆராய்ச்சி செய்யும் ஒரு நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே பேராசிரியர் லாஹிரி ஸார் முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் பேசியது வங்காளத்தில், நான் என் தமிழில் எழுதுகிறேன்.

“நடேசன் பாபு, இங்க எதையும் ஒழுங்குபடுத்தாதீங்க. பி ஏன்னு இருந்தா பி ஏதான். அழகா இருக்கேன்னு ஏ பி ஆக்கிடாதீங்க.”

அவர் உயரமானவர், தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. மண்குடுவை டீயைக் குடித்து முடித்த பிறகும் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டே பேசுவார். யாரிடமும் ‘தப்பு’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘தாடான்’ என்பார். பொறுங்கள் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்கே ஆராய்ச்சி மாணவர்களின் முகம் வெளுத்துவிடும்.

வரிசை ஏன் மாறக் கூடாது என்று அன்றைக்கு நான் கேட்டேன். அவர் பஸ்ஸை வைத்துச் சொன்னார்.

“கூட்டமான பஸ்ல எழுத்துகள் வரிசையா நிக்குதுன்னு வச்சுக்குங்க. ஒண்ணு இன்னொண்ணைத் தாண்டலாம். ஆனா தாண்டின உடனே கண்டக்டர் ஒரு டிக்கெட் கிழிச்சுக் கையில குடுத்துருவார். அந்த டிக்கெட்டுக்குப் பேர் க்யூ, அந்த ஆங்கில எழுத்தைத்தான் வரியில முன்னால சேர்த்து எழுதுவோம். அதே ஆளை எதிர்த்திசையில தாண்டினா டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்குவார்.”

“யாருக்காவது ஓசிப் பயணம் உண்டா ஸார்?”

அவர் சிரித்தார். “உண்டு. எல்லாரையும் தாண்டி இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்குப் போயும், கையில டிக்கெட் மிஞ்சாத ஆள் சிலர் இருப்பாங்க. அப்படிப்பட்டவங்க எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்கு மையம்னு பேர். ரெண்டு, மூணு மாதிரி வெறும் எண்கள் எப்பவும் மையத்துல இருக்கும். வேற யாராவது இருக்காங்களாங்கிறதுதான் எங்க கேள்வி.”

இந்த எழுத்துகள் பிறக்கிற வீட்டுக்குக் குவாண்டம் குரூப் என்று பெயர். அது என்ன என்று பல வருஷம் கேட்டேன். கேட்கும்போது புரிந்த மாதிரி இருக்கும். டிராமில் ஏறி உட்கார்ந்ததும் போய்விடும்.

இனி எங்கள் வாசிப்பு முறையைச் சொல்கிறேன். லாஹிரி ஸாரிடம் ஆய்வேடு எழுதும் யாரும் அதிலிருந்து தப்பிக்க முடியாது. தட்டச்சு முடிந்ததும் ஆய்வேடு முழுவதையும், ஓர் எழுத்து விடாமல், நான் வாய்விட்டு வாசிக்க வேண்டும். எழுதியவர் தன் கையெழுத்துப் பிரதியை ஸ்கேல் வைத்து வரிவரியாகத் தொடர்ந்து வருவார். ஸார் ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அடைப்புக்குறி திறந்தால் மேஜையில் ஒரு தட்டு, மூடினால் இரண்டு. எழுத்தின் தலைமேல் சின்னதாக எண் இருந்தால் குரலை உயர்த்தி வாசிக்க வேண்டும், காலடியில் இருந்தால் தாழ்த்தி. அர்த்தம் பார்த்து வாசிக்கக் கூடாது. ஆரம்பித்த அத்தியாயத்தைப் பாதியில் விடவும் கூடாது.

மத்தியான வெயில் பச்சை ஜன்னல் பலகைகளின் இடுக்கு வழியாகக் கோடு கோடாகத் தரையில் விழும். மின்விசிறி மெல்லச் சுற்றும். என் குரல் மேலும் கீழும் போய் வரும். கொஞ்ச நேரத்தில் அது என் குரல் மாதிரியே இருக்காது. எழுத்துகள் தாமாக எழுந்து, ஒன்றை ஒன்று விலக்கிக்கொண்டு, அறைக்குள் நடமாடுகிற மாதிரி தோன்றும். கேன்டீன் ஹரிபதா டீ கொண்டுவந்தால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவான்.

“இது எந்தத் தாகூருக்குப் பூஜை, நடேசன்தா? பிரசாதம் உண்டா?” என்பான். வங்காளத்தில் தாகூர் என்றால் சாமி.

“டீயை வச்சுட்டுப் போடா. கடைசி அடைப்புக்குறி இன்னும் மூடலை.”

இப்படி வாசித்த ஆய்வேடுகளில் ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தட்டச்சு இயந்திரம் போய்க் கணினி வந்துவிட்டது. மௌசுமி என்ற ஆராய்ச்சி மாணவி லாஹிரி ஸாரிடம் படித்துக்கொண்டிருந்தார். என்னைவிடச் சின்னவர்தான் என்றாலும் எனக்கு அவர் மௌசுமிதி, அவருக்கு நான் நடேசன்தா. திதி என்றால் அக்கா, தாதா என்றால் அண்ணன்; பெயரோடு சேரும்போது சுருங்கிவிடும். அப்பா வேலை பார்த்த சணல் மில் மூடிவிட்டது. மௌசுமிதியின் உதவித்தொகையில்தான் வீடு ஓடியது. அதுவும் அந்த மாதத்தோடு முடிகிறது. சிலிகுரியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை அவருக்காகக் காத்திருந்தது. ஒரே நிபந்தனை, மாதம் முடிவதற்குள் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட வேண்டும்.

அவருடைய ஆய்வேட்டில் மூன்று எழுத்துகள். எக்ஸ், ஒய், இசட். யார் யாரைத் தாண்டினால் டிக்கெட் என்பதை மூன்று வரிகளில் முதல் அத்தியாயம் சொல்லியது. இடமிருந்து வலமாக எக்ஸை ஒய் தாண்டினால் ஒரு க்யூ. ஒய்யை இசட் தாண்டினால் ஒரு க்யூ. இசட்டை எக்ஸ் தாண்டினால் ஒரு க்யூ. குழந்தைகள் கைகோத்து வட்டமாகச் சுற்றுகிற மாதிரி. மூன்றாவது அத்தியாயம்தான் ஆய்வேட்டின் உயிர். இந்த எழுத்துகளின் மையத்தில் வெறும் எண்களைத் தவிர யாரும் இல்லை என்று அதில் நிரூபித்திருந்தார்.

சாதாரணமாக ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம்தான் வாசிப்போம். அவசரம் என்பதால் அன்றைக்கு எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தோம். மூன்றாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் அந்த மூன்று வரிகள் மறுபடி வந்தன. நான் பாட்டுக்கு ராகமாக வாசித்துக்கொண்டு போனேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மௌசுமிதியின் ஸ்கேல் நின்றுவிட்டது.

“நடேசன்தா, அந்த மூணு வரி. இன்னொரு தடவை.”

வாசித்தேன்.

“மூணாவது?”

“இசட் எக்ஸ் சமம் க்யூ எக்ஸ் இசட்.”

“முதல் அத்தியாயத்துல?”

தாளைத் திருப்பிப் பார்த்தேன். “எக்ஸ் இசட் சமம் க்யூ இசட் எக்ஸ்.”

அவர் தன் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தார். நான் சரியாகத்தான் தட்டியிருந்தேன். அவர் எழுதியிருந்ததே அப்படித்தான். முதல் வரி ஒய் எக்ஸ் என்று தொடங்கும், இரண்டாவது இசட் ஒய் என்று தொடங்கும். ஆங்கில அகரவரிசையில் பின்னால் வருகிற எழுத்து முன்னால் நிற்கிறது. அந்தப் பழக்கத்தில் மூன்றாவது வரியிலும் கை தானாக இசட் எக்ஸ் என்று ஓடிவிட்டது. இந்த எழுத்துகளோடு இரவும் பகலும் இருக்கிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிசகு. வட்டமாகச் சுற்றின மூவரையும் படிக்கட்டு மாதிரி ஒருவர் மேல் ஒருவராக நிறுத்திவிட்டார். பிறகு நடந்தது எல்லாம் அந்தப் படிக்கட்டின் கணக்கு.

லாஹிரி ஸார் கண்ணைத் திறக்கவில்லை. ‘தாடான்’ என்றுகூடச் சொல்லவில்லை.

“அத்தியாயம் ஆரம்பிச்சாச்சு. வாசிங்க நடேசன் பாபு.”

“ஸார், இனிமே எதுக்கு?” என்றார் மௌசுமிதி.

“பாதி கேட்டா, என்ன கேட்டோம்னே தெரியாது. முழுசாக் கேளு.”

நான் வாசித்தேன். இல்லாத ஒரு ஊரின் தெருக்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. வெளியே மேகம் கூடி, தரையில் கிடந்த வெயில் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மேஜையில் ஒரு தட்டு, இரண்டு தட்டு. அடைப்புக்குறிகள் எல்லாம் ஒழுங்காகத் திறந்து ஒழுங்காக மூடின. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தின படியிலிருந்து சரியாகவே பிறந்தது. நிரூபணத்தில் ஒரு குறையும் கிடையாது. பிழை எல்லாம் அந்த ஒரு வரியில்தான்.

பாதியில் மௌசுமிதி ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கி ஏதோ எண்ண ஆரம்பித்தார். எக்ஸ் ஒய் இசட் என்று மூன்றும் சேர்ந்து நிற்கட்டும். இடப்பக்கத்திலிருந்து இன்னொரு எக்ஸ் வந்து அவர்களைத் தாண்டட்டும். எக்ஸை எக்ஸ் தாண்டினால் ஒன்றும் இல்லை. ஒய்யைத் தாண்டினால் ஒரு டிக்கெட் திரும்பப் போகும். இசட்டைத் தாண்டினால் ஒரு டிக்கெட் கைக்கு வரும். போனதும் வந்ததும் சரியாகிவிட்டது. ஒய் தாண்டினாலும் அப்படியே, இசட் தாண்டினாலும் அப்படியே. இதை அவர் பிற்பாடு எனக்கு விளக்கினார். அப்போது நான் பார்த்தது அவர் உதடுகள் அசைந்ததை மட்டும்தான்.

நான் முடித்ததும் ஸார் கண்ணைத் திறந்தார்.

“என்ன கேட்ட?”

“மையம் காலி இல்லை ஸார். எக்ஸ் ஒய் இசட்... மூணும் சேர்ந்து அங்க உக்காந்திருக்கு.”

“ம்.” அவர் எழுந்து துணிப்பையை மாட்டிக்கொண்டார். “தீசிஸ் உன்னுது. நீயே யோசி.”

அன்று மாலை லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு நடந்தேன். தள்ளுவண்டியும் ரிக்‌ஷாவும் ஒன்றை ஒன்று தாண்ட வழியில்லாமல் நின்றன. முருங்கைக்காய் விற்கிற அம்மா, பூக்காரர், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள், எல்லோரும் ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். எங்கேயோ யாரோ டிக்கெட் கிழிக்கிற சத்தம் கேட்பது போலவே இருந்தது. வாழைக்காய்க்குப் பதிலாக வெள்ளரிக்காயை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் திட்டு வாங்கினேன்.

மறுநாள் மத்தியானம் மௌசுமிதி என் மேஜைக்கு வந்தார். தூங்காத முகம்.

“நடேசன்தா, ஒரு உதவி. முதல் அத்தியாயத்தைத் திறங்க.”

திறந்தேன்.

“அந்த மூணாவது வரி. அதுல எக்ஸையும் இசட்டையும் ரெண்டு பக்கமும் இடம் மாத்தினாப் போதும். அப்புறம் தீசிஸ் முழுக்க எல்லாமே ஒத்துப்போகும். எந்த நிரூபணமும் தப்பாகாது. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.”

“அப்படின்னா நல்லதுதானே?”

“ஆனா அது வேற எழுத்துகளோட கதை ஆயிடும். நான் ஆரம்பிச்ச குவாண்டம் குரூப்லேருந்து வந்தது வட்டம். படிக்கட்டு எங்கேருந்தும் வரலை. என் கை தவறி வந்தது.”

“ஸார் என்ன சொன்னார்?”

“அவர் சொன்னதுதான் உங்களுக்கே தெரியுமே. உன்னுதுன்னுட்டார். அப்பா நேத்து சிலிகுரிக்கு ரயில் நேரம் எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கார்.”

எனக்கும் பெண் இருந்தாள், வாடகை வீடு இருந்தது. மாற்றிவிடுங்கள் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அது என் வேலை இல்லை.

“மௌசுமிதி, நீங்க சொல்லுங்க, நான் தட்டறேன். எப்பவும் அப்படித்தானே?” என்று சொல்லி கர்ஸரை அந்த வரியில் கொண்டுபோய் வைத்தேன். திரையில் சின்னக் கோடு ஒன்று எக்ஸுக்குப் பக்கத்தில் மின்னி மின்னி நின்றது. நாலு விசைதான். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே டிராம் மணி கேட்டது, அப்புறம் அதுவும் போய்விட்டது. ஜன்னல் பக்கத்து வேப்பமரத்தின் நிழல் சுவரில் அசைந்தது. கோடு மின்னியது, அணைந்தது, மின்னியது. அந்த அறை எந்த ஊரிலும் இல்லாத மாதிரி, நாங்கள் இருவரும் இன்னும் தட்டப்படாத இரண்டு எழுத்துகள் மாதிரி, அப்படியே இருந்தோம். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. ‘சொல்லிவிடுங்கள் அம்மா’ என்று ஒரு தடவை மனதுக்குள் கெஞ்சினேன். ‘சொல்லாதீர்கள்’ என்றும் ஒரு தடவை.

“மூடிடுங்க நடேசன்தா” என்றார் கடைசியில்.

“எதையும் மாத்தாமலா?”

“மாத்தாம. வெள்ளைத் தாள் இருந்தாக் குடுங்க.”

ஒரு கட்டுத் தாளை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விட்டார்.

மாதம் முடிந்தது. உதவித்தொகை நின்றது. சிலிகுரி வேலை வேறொருவருக்குப் போனது. மௌசுமிதி காலையிலும் மாலையிலும் பவானிபூரில் வீடுவீடாகப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார். மத்தியானம் மட்டும் வந்து எழுதுவார். நூலகத்தில் அவர் உட்காரும் இடத்தை லாஹிரி ஸார் யாருக்கும் கொடுக்கவிடவில்லை, அவ்வளவுதான் அவர் செய்தது. ஒருநாள் நான் பொறுக்க முடியாமல், “அந்தப் பெண்ணுக்கு நீங்க அன்னைக்கே ஒரு வழி சொல்லியிருக்கலாம் ஸார்” என்றேன். குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். “நான் சொல்லியிருந்தா, எந்த வழி சொன்னாலும் ஆயுசு பூரா என்னைத்தான் நினைச்சிருப்பா, நடேசன் பாபு” என்றார். அவர் சொன்னது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஐந்தாம் அத்தியாயம் மையம் காலி என்பதை நம்பி எழுதப்பட்டது. அதை முழுசாக எடுத்துவிட வேண்டியதாயிற்று. புது மூன்றாம் அத்தியாயம் மழைக்காலத்தில்தான் முடிந்தது. மையத்தில் இருப்பவர்கள் யார் யார் என்பதற்கு இப்போது முழு விடை இருந்தது. எண்களும், எக்ஸ் ஒய் இசட் என்ற அந்த மூவர் கூட்டணியும், அவற்றைப் பெருக்கியும் கூட்டியும் செய்கிறவையும் மட்டும்தான். வேறு யாரும் இல்லை. ஆய்வேடு முன்னைவிட ஒல்லியாகிவிட்டது.

அதையும் வாசித்தோம். மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி வாசித்தேன். மூன்றாவது வரி வந்தபோது யாரும் என்னை நிறுத்தவில்லை. மௌசுமிதியின் ஸ்கேல் அதைத் தாண்டிக் கீழே இறங்கியது. கடைசி அடைப்புக்குறியை மூடிவிட்டு நிமிர்ந்தால் லாஹிரி ஸார் தூங்கிப்போயிருந்தார். அவர் வாசிப்பின்போது தூங்கி நாங்கள் பார்த்ததே இல்லை. மௌசுமிதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பல மாதம் கழித்து அவர் சிரித்துப் பார்த்தேன்.

வேலை கிடைக்க அவருக்கு இன்னும் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. சிலிகுரி மாதிரி பெரிய ஊர் இல்லை. ரயிலைவிட்டு இறங்கி வேன் பிடித்துப் போக வேண்டிய ஒரு கல்லூரி. நான் ஓய்வுபெற்ற அன்றைக்கும் அங்கேதான் இருந்தார்.

அதற்கெல்லாம் முன்னால், ஆய்வேட்டைக் கொடுக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது பிரதிகளைத் தூக்க என்னையும் கூப்பிட்டிருந்தார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தேதியைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“இவ்வளவு லேட்டா? காரணம் எழுதணுமே. உடம்பு சரியில்லைன்னு போட்டுரட்டுமா?”

“வேண்டாம் தாதா. ஒரு வரி தப்பா இருந்ததுன்னு போடுங்க.”

“ஒரு வரிக்கா இத்தனை மாசம்?”

“ஒரு வரிக்குத்தான்.”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மேலே இருந்த பிரதியைப் பிரித்து, “எந்த வரி, காட்டுங்க பார்ப்போம்” என்றார். மௌசுமிதி ஜன்னல் கம்பிக்குள் கையைவிட்டு, பக்கங்களைப் புரட்டி, விரலை வைத்தார். குமாஸ்தா வரியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வரியைப் பார்த்தார்.

“இதுல ஒரு தப்பும் தெரியலையே!”

“ஆமா தாதா” என்றார் மௌசுமிதி. “இப்ப இல்லை.”

குமாஸ்தா முத்திரையை மையில் அழுத்தி எடுத்தார்.